மெஷு, மெஷு

இமயமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்று அப்பா சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டென்மார்க்கில் நாங்கள் இருந்த ஹேர்னிங்கில் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பனிக்காலத்தில் நாங்கள் சறுக்கி விளையாடிய மேடுகூட வீதி வேலைக்குக் கொட்டிய மண்தான்.

அப்பா வேலை செய்த துணி ஆலைக்குத் தொழில் பழக வந்த இளைஞர் அவர். பூட்டானில் லுன்ட்சி என்ற மாவட்டம். அவருடைய ஊரிலிருந்து வாகனம் ஓடும் வீதிக்கு வரவே ஒரு பகல் நடக்க வேண்டுமாம். பள்ளிக்கூட வரைபடத்தில் தேடினேன். அந்த இடத்தில் மண்ணிறம் மட்டுமே இருந்தது.

ஞாயிறு மத்தியானம் ஊர் உடுப்பிலேயே வந்தார். முழங்கால்வரை கோடு போட்ட அங்கி. இடுப்பில் இறுக்கிக் கட்டியதில் அது நெஞ்சுப் பக்கம் பெரிய பைபோலப் புடைத்திருந்தது. அதற்குள் கைவிட்டு ஒரு மரக்கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தார். மறுபடி கைவிட்டு எனக்கொரு வெள்ளைக் கட்டி தந்தார். மலைமாட்டுப் பாலில் செய்து காயவைத்த சீஸாம். கடித்தேன், பல்தான் நொந்தது. அந்தப் பைக்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்குமோ என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா விடியவே எழும்பிச் சமைத்திருந்தார். சோற்றை அள்ளி நீட்டியதும் விருந்தாளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "மெஷு, மெஷு" என்றார். வேண்டாமாம் என்றார் அப்பா. அம்மா திரும்பவும் அள்ளினார். மாமா குறுக்கே விழுந்தார். எங்களுக்கு முதலே டென்மார்க் வந்தவர் என்பதால் இந்த நாட்டு மரியாதைகளுக்கு வீட்டில் அவர்தான் நீதிபதி.

"அக்கா, இது யாழ்ப்பாணம் இல்லை. இஞ்சை ஒராள் 'நை தக்' எண்டால் வேண்டாம்தான். வற்புறுத்தக் கூடாது."

"வேண்டாமெண்டால் ஏன் கிண்ணத்தை வைச்சவர்?"

மாமா அகப்பையை வாங்கிச் சட்டிக்குள் வைத்தார். அம்மா முகம் சுருங்கி உட்கார்ந்தார். தன் சமையலைப் பார்த்தே அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

நாங்கள் சாப்பிட்டோம். அவர் வெறும் கிண்ணத்தோடு ஊர்ப் புதினம் சொன்னார். மிளகாய் காயும் சிவப்புக் கூரைகள், வீட்டுக்கு வீடு பெண்கள் நெய்யும் பட்டு. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, அப்பா தமிழாக்கினார். பிறகு விருந்தாளி தன் பெரியப்பாவின் கதையைத் தொடங்கினார். அவர்கள் ஊரில் முதல் தடவையே கிண்ணத்தை நீட்டுவது வெட்கக்கேடாம். பெரியப்பா விருந்துக்குப் போன இடத்தில் முறைப்படி வாயைப் பொத்தினாராம். வீட்டுக்காரர் வெளியூர்க்காரர், அதை உண்மையென்று நம்பிப் பானையை மூடிவிட்டாராம். பெரியப்பா வயிற்றைத் தடவியபடி மலை ஏறினாராம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அம்மா சிரிக்காமல் எழும்பிச் சட்டியோடு வந்தார்.

"அக்கா..."

"நீ வாயை மூடு."

விருந்தாளி வாயைப் பொத்தினார். அம்மா கேட்கவில்லை, கிண்ணம் நிறையப் போட்டார். அது வெறுமையானதும் இன்னும் போட்டார். "மெஷு, மெஷு" என்று சொல்லிச் சொல்லியே அவர் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்.

எனக்கு அம்மாமேல் சரியான கோபம். பெரியப்பா பாதி மலையில் நிற்கும்போது கதையைக் குழப்பிவிட்டாரே. பெரியப்பா வீடு போய்ச் சேர்ந்தாரா என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியொரு பெரியப்பாவே இருந்திருக்கமாட்டார் என்று எனக்குப் பட எத்தனையோ வருடமானது.