இத்தாலியத் துவக்கைப் போல் ஒன்று: கிளென்ஃபீல்டிலிருந்து தெற்கே ஒரு சனிக்கிழமை

ஹமில்டனிலிருந்து ஒரு வாசகி இந்தப் பத்திக்கு எழுதியிருந்தார். மகள் பள்ளிக்கூட அணியில் களிமண் தட்டுச் சுடும் போட்டிகளுக்குப் போகிறாளாம். அதற்கு இத்தாலியத் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்க வசதியில்லை. அதைப் பார்த்துச் செய்த மலிவான துவக்கு ஒன்றை ஒக்லாந்துக்கு வந்து வாங்கலாமா என்று கேட்டிருந்தார். நாங்களும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இதே காரியமாக ஒரு பயணம் போனோம். அதைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அப்போது ஒக்லாந்தின் வடபுறம் கிளென்ஃபீல்டில் வாடகை வீட்டில் இருந்தோம். மகள் அபிக்குப் பதினாறு வயது. இயந்திரம் ஒன்று சிறிய மண் தட்டுகளை வானில் எறியும். அவை விழுவதற்குள் சுட்டு நொறுக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. பள்ளிக்கூடத்துத் துவக்கு அவளுக்கு நீளமும் பாரமும் அதிகம். ஒவ்வொரு முறையும் தோளில் கன்றிச் சிவந்த கண்டலோடுதான் வீட்டுக்கு வருவாள்.

என் கணவர் ரகுவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. யாழ்ப்பாணத்தில் அவருடைய தம்பியை எங்கள் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்டோம். "உலகத்தில எத்தனை விளையாட்டு இருக்கு. இவளுக்கு இதுதான் கிடைச்சுதோ?" என்று என்னிடம்தான் கேட்பார். அவளிடம் கேட்க மாட்டார். துவக்கு வைத்திருக்க லைசன்ஸ் எடுப்பதென்றால் பொலிஸார் வீட்டுக்கு வந்து குடும்பத்தாரிடமும் விசாரிப்பார்கள். இவர் வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. அது அபிக்கும் தெரியும்.

அன்று அவர் கார் ஓட்டச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், மோட்டர்வேயில் ஓட்ட எனக்குப் பயம் என்பதுதான்.

முதலில் எல்லர்ஸ்லியில் இருந்த துவக்குக் கடை. துறைமுகப் பாலத்தைக் கடந்து போக அன்றைக்கு அரை மணித்தியாலம் கூட எடுக்கவில்லை. இப்போது போகிறவர்கள் அந்தக் கணக்கை நம்பி வெளிக்கிட வேண்டாம். கடை ஒரு சின்னக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. ரகு உள்ளே வரவில்லை; நடைபாதையில் நின்றுகொண்டார். கடைக்காரர், வயதான வெள்ளைக்காரர், மேசையில் பச்சைத் துணி விரித்து இரண்டு துவக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் மேலும் கீழுமாக இரட்டைக் குழல். வால்நட் மரப் பிடிக்கட்டை. வெள்ளி நிறப் பக்கங்களில் கொடி வேலைப்பாடு. ஒன்று இத்தாலியில் செய்தது, எட்டாயிரம் டொலர். மற்றது அதைப் பார்த்துத் துருக்கியில் செய்தது, ஆயிரத்து இருநூறு. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அபி இரண்டையும் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றாள்.

"கண்ணால் பார்த்து வாங்காதீர்கள்" என்றார் கடைக்காரர். "மத்தியானம் சுடும் மைதானத்துக்கு இதைக் கொண்டுவருகிறேன். சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்."

அங்கிருந்து தெற்கே போகும் மோட்டர்வே. விரி என்ற புறநகரின் பண்டகசாலைகள் கழிந்ததும் ஓரிடத்தில் இறங்கி, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒடுங்கிய பாதையில் போக வேண்டும். எல்லர்ஸ்லியிலிருந்து நாற்பது நிமிடம் பிடித்தது. வழியில் கடை எதுவும் இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. நான் கொண்டுபோன இடியப்பத்தைக் காருக்குள் இருந்தே சாப்பிட்டோம்.

மைதானத்து வாசலில் காரை நிறுத்தியதும் முதல் வெடிச் சத்தம் கேட்டது. ரகு ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"இறங்கி வாங்கோவன்" என்றேன்.

"நான் இதிலயே இருக்கிறன். நீர் பிள்ளையோட போம்."

அபி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இட்ஸ் ஓகே, அப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

காது மூடியை அங்கேயே இரண்டு டொலருக்கு வாடகைக்குத் தருவார்கள். மாட்டிக்கொண்டு கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். அபி அந்தத் துருக்கித் துவக்கை வாங்கி, மைதானத்துப் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, சுடத் தொடங்கினாள். முதல் மூன்று தட்டுகளும் தூளாகின. அவள் திரும்பிச் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நாலாவது தட்டுக்கு அவள் விசையை ஒருமுறைதான் அழுத்தினாள். இரண்டு குழல்களும் ஒன்றாக வெடித்தன. அந்த உதையில் பிள்ளை இரண்டடி பின்னால் தள்ளாடினாள். பின்னால் கார்க் கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ரகு என்னைத் தாண்டி ஓடியதைத்தான் கண்டேன். காதில் மூடி இல்லை.

பயிற்சியாளர் கையை நீட்டி அவரைக் கயிற்றடியில் மறித்தார். அங்கே நின்றபடிதான் ரகு அதைப் பார்த்தார். அபியின் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் துவக்கின் வாய் வெறும் வெளியைப் பார்த்தபடியே இருந்தது. ஒரு கணமும் அது எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவள் அதை நடுவில் மடித்துத் திறந்து, வெற்றுத் தோட்டாக்களை எடுத்து, குழல்களுக்குள் பார்த்து, மேசையில் வைத்தாள். மற்றவர்களும் சுடுவதை நிறுத்தட்டும் என்று கையை உயர்த்தினாள். அதற்குப் பிறகுதான் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நோகுதோ பிள்ளை?" என்று கேட்டார் ரகு.

"ஓம்" என்றாள். அவள் அவருக்குத் தமிழில் பதில் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

கடைக்காரரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. துவக்கைத் திறந்து பார்த்தார். வெளித்தோற்றத்தை அப்படியே எடுத்திருக்கிறார்கள், விசைக்கு உள்ளே இருக்கும் இரும்பைச் சரியாகப் பதப்படுத்தவில்லை, தேய்ந்துவிட்டது என்றார். எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த வகையை இனி விற்பதில்லை என்று அங்கேயே சொன்னார். பிறகு வேனிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். அதுவும் இத்தாலியத் துவக்கைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் ஜப்பானில் செய்தது, பழையது, கட்டையில் கீறல்கள். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் தானே இருபத்தைந்து தோட்டாக்களைச் சுட்டுக் காட்டினார்.

தோள் நோவோடு அபி அன்றைக்கே சுட வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை, துவக்கைக் கையில் எடுத்தாள். ரகு அவளுடைய காது மூடியை நேராக்கிவிட்டு, கயிற்றுக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். அவள் சுட்ட ஒவ்வொரு முறையும் அவருடைய உடம்பு திடுக்கிட்டது. ஆனாலும் கடைசிவரை அங்கேயே நின்றார்.

ஹமில்டன் வாசகிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மலிவானது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். அபி அந்த ஜப்பான் துவக்கை வருடக்கணக்காகப் பாவித்தாள், அது ஒருநாளும் பிழை விடவில்லை. ஆனால் மரத்தையும் வேலைப்பாட்டையும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். மைதானத்தில் சுட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். பழகிய ஒருவர் முதலில் சுடட்டும், பிறகு பிள்ளையிடம் கொடுங்கள். சட்டம் இப்போது நிறைய மாறிவிட்டது. முதலில் பொலிஸாரிடம் கேளுங்கள். தெற்கே காற்றுப் பலம், கோடையிலும் ஜக்கெட் வேண்டும்.

சில கிழமைகள் கழித்து லைசன்ஸ் விசாரணைக்கு ஒரு பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்தார். அதுவரை துவக்கு கடையில்தான் இருந்தது. என்னிடம் கேட்டு முடித்துவிட்டு ரகுவிடம் திரும்பினார். வீட்டில் துப்பாக்கி இருப்பது உங்களுக்குப் பயமாக இருக்குமா என்று கேட்டார். அறைக் கதவுக்குப் பின்னால் அபி நிற்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"எனக்குத் துவக்கில் பயம்தான்" என்று ரகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். "அது போகாது. ஆனால் என் மகளிடம் எனக்குப் பயமில்லை."

துவக்கை எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று பொலிஸ்காரர் கேட்டார். நான் எழுந்திருக்கும் முன்பே ரகு எழுந்து, முன்னால் நடந்து, அவருக்கு இடத்தைக் காட்டப் போனார்.