மருதமுனைவரை கேட்ட சாட்சி

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பின் எல்லையில் எங்கள் வீடு இருந்தது. நாலைந்து வீட்டு வளவு தள்ளினால் மருதமுனை, முஸ்லிம் ஊர். அங்கே தறி அடிக்கிற சத்தம் எங்கள் குசினி அடுப்படிவரை கேட்கும்.

கவலைப்படுவதில் என்னை யாரும் வெல்ல முடியாது. கூரை ஒழுகுமா, பஸ்ஸில் வேலைக்குப் போன கணவர் ஒழுங்காக வந்து சேருவாரா, அரிசி கிழமை முடியும்வரை காணுமா என்று எதையாவது பிடித்துக்கொள்வேன். காலையில் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் கர்த்தரிடம் இறக்கி வைப்பேன். பத்து மணிக்குள் திரும்பவும் தூக்கிக்கொள்வேன். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேர ஆறுதல் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அந்த மாரியில் என் ஏழு வயது மகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் அதே காய்ச்சலோடு ஒரு மருதமுனைச் சிறுமி. அவளுடைய தாயை நான் 'ராத்தா' என்று கூப்பிட்டேன். அக்காவை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். ஐந்து நாள் இரண்டு பேரும் தரையில் ஒரே பாயில் கிடந்தோம். ஒரு போத்தல் தேத்தண்ணியைப் பங்கு போட்டோம்.

"ஒங்கட புள்ளைக்கும் சேத்துத்தான் துஆக் கேக்கிறன் தங்கச்சி" என்பார். துஆ என்பது அவர்களுடைய ஜெபம்.

"நானும் அப்பிடித்தான் ராத்தா" என்பேன். அது பொய்யில்லை. நான் உபவாசமாகச் சோற்றை விட்டேன், அவரும் விட்டார்.

ஆறாம் நாள் விடிய அந்தப் பிள்ளை போய்விட்டது. ராத்தா கத்தவில்லை. பிள்ளையின் முடியை ஒதுக்கி விட்டுக்கொண்டே இருந்தார். அப்போது என் மனதில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்: செத்தது என் பிள்ளை இல்லை என்ற நிம்மதி. அவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டிய நேரத்தில் என் மகளின் பக்கம் திரும்பி இருந்துகொண்டேன். இரண்டு நாள் கழித்து மகள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கர்த்தருக்கு நன்றி சொல்ல ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். வளவுக்குள் பந்தல், வாடகைக்கு ஒலிபெருக்கி. அதைத் தென்னையில் கட்ட வந்தவரிடம், "ரோட்டுப் பக்கம் பாக்கக் கட்டுங்க, நாலு பேருக்குக் கேக்கட்டும்" என்று சொன்னவளும் நான்தான்.

சாட்சி சொல்ல எழுந்தேன். கர்த்தர் என் அழுகையைக் கேட்டார் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மைக் கைக்கு வந்த பிறகு என் வாய் நிற்குமா? பக்கத்துக் கட்டில் பிள்ளை செத்துப்போனது, என் பிள்ளையை அவர் காப்பாற்றினார், உண்மையான விசுவாசத்தோடு கேட்பவரை அவர் வெறுங்கையோடு அனுப்பமாட்டார் என்றேன். கூட்டம் அல்லேலூயா என்றது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் காலை ராத்தா வந்தார். ஒரு துணிப்பையில் நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்திருந்தார். மகளை மடியில் இருத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து நீங்க பேசினது எங்கட ஊட்டு முத்தத்துக்குக் கேட்டிச்சி தங்கச்சி. நானும் பட்டினி கிடந்துதானே கேட்டன். என்ட ஈமான்ல என்ன குறை? தெரிஞ்சா எனக்குச் செல்லுங்க."

ஈமான் என்று அவர் சொன்னது விசுவாசத்தை. அவர் குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. "அப்பிடி இல்ல ராத்தா" என்றுவிட்டு முட்டைப் பையை வாங்கி வைத்தேன். அவர் முட்டையை அரை அவியலாகக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பல கிழமைகள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நின்றால் அந்தக் கேள்விதான் முன்னால் வரும். இறக்கி வைக்க இடமில்லாமல் கவலைகளைச் சுமந்துகொண்டே திரிந்தேன். பெரிய வெள்ளியன்று கோயிலில் இருந்தேன். வருஷா வருஷம் வாசிக்கக் கேட்ட, இயேசு பட்ட அதே பாடுகள்தான். பிடிபடுவதற்கு முன்பு இயேசுவும், இந்தத் துன்பம் தன்னை விட்டு நீங்கட்டும் என்று வியர்வை சொட்டக் கேட்டார். நீங்கவில்லை. அவருடைய விசுவாசத்தில் என்ன குறை? அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. வாய்விட்டு அழுதேன். கேட்டும் கிடைக்காதவர்களோடு அவர் இருக்கிறார் என்பது அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த திங்கள் மருதமுனைக்குப் போனேன். ராத்தா தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "உங்களில ஒரு குறையும் இல்ல ராத்தா. நான் கதைச்சதுதான் பிழை" என்று அவர் முன்னால் இருந்து அழுதேன். கையை நிறுத்தாமலே கேட்டார்.

"என்னட்டச் செல்லிட்டீங்க. என்ட மாமியும் இப்ப அதத்தான் செல்றா தங்கச்சி, நான் மனசு வெச்சிக் கேக்கல்லயாம், அதான் புள்ள மௌத்தாகிப் போனதாம். அவக்கு ஆரு செல்ற?"

மாமியாரிடம் நானே சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அந்தக் கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து என் பிழையைச் சொன்னேன். இருபது பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். மருதமுனைக்கு அது கேட்கவில்லை. பிறகு இரண்டு சமூகங்களுக்கும் இடையில் கலவரம் வந்து, அந்த நாலைந்து வளவைத் தாண்டுவதே முடியாமல் போனது. ராத்தாவை நான் மறுபடி காணவில்லை.

இன்றும் கவலை வந்தால் முழங்காலில்தான் நிற்கிறேன், ஆறுதலும் கிடைக்கிறது. ஆனால் கேட்டது கிடைக்கிற நாளில் நன்றியைக்கூட மெதுவாகத்தான் சொல்கிறேன், கிடைக்காத ஒரு தாய் எங்கேயாவது கேட்டுக்கொண்டிருப்பாளோ என்ற பயத்தில்.