கோட்டை வாசல்காரனுக்கு எந்தக் கட்டம்

என் மகளுக்கு முப்பத்து நான்கு வயது. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. மற்ற நேரமெல்லாம் கணினியில் வாளும் மந்திரமுமாக ஒரு விளையாட்டு. போன ஞாயிறு அதில் வரும் ஆட்களை அச்சடித்து வெட்டி, பீரோ கதவில் ஒன்பது கட்டம் போட்டுக் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தாள். மேல் வரிசை நல்லவர்கள், நடுவில் இரண்டுங்கெட்டான்கள், கீழே கெட்டவர்கள். ஒவ்வொரு வரிசையிலும் சட்டத்தை மதிப்பவன், கண்டுகொள்ளாதவன், மீறுபவன் என மூன்று கட்டம்.

எண்ணினேன். இருபத்தேழு படம். கட்டத்துக்கு மூன்று வர வேண்டும். இவள் ஒன்றில் ஏழு பேரை அடைத்து, ஒன்றைக் காலியாக விட்டிருந்தாள். சமமாகப் பிரிக்கச் சொன்னேன்.

"இது இன்னா ரேஷன் கடையா நைனா? நல்லவன் கம்மியா கீறான், நான் இன்னா பண்றது?"

கீழ் வரிசை முதல் கட்டத்தில், அதாவது சட்டத்தை மதிக்கும் கெட்டவனாக, ஈட்டியோடு ஒருவன் நின்றான். யார் என்று கேட்டேன்.

"கோட்டை வாசக்காரன். வெளிய ஜனம் வெள்ளத்துல நிக்குது. ராஜா உத்தரவு இல்லன்னு கதவத் தொறக்கல."

உத்தரவில்லாமல் எப்படித் திறப்பான், அவனை மேலே வை என்றேன்.

"நீ இன்னா அவனுக்கு வக்கீலா?"

சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "வக்கீலு இல்லடி, அவரும் அதே வேலை பாத்தவருதான். அவன அங்கியே வுடு. என் தம்பி இங்க இருந்தா அதான் சொல்லுவான்" என்றாள்.

விம்கோ நகரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஆளுக்கொரு பித்தளை டோக்கன் பலகையில் தொங்கும். வந்தவன் தன்னுடையதை எடுத்துப் பெட்டியில் போடுவான். சங்கு ஊதிப் பத்தாவது நிமிடம் பலகையில் மிஞ்சியதை எண்ணிவிட்டுக் கேட்டைப் பூட்டச் சொல்வேன். ஒரு மழை நாளில் தண்டவாளம் முழுகி ரயில் நின்றது. பதினொரு டோக்கன் மிஞ்சியது. பதினொரு பேரும் நனைந்தபடி கேட்டுக்கு வெளியே. அவர்களில் ஒருவன் என் மைத்துனன். நான்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். "மாமா, ரெண்டு நிமிசம்தானே" என்றான். நான் திறக்கச் சொல்லவில்லை. அவனுக்கு அது மூன்றாவது தாமதம், வேலை போயிற்று. இருபத்திரண்டு வருடமாக அவன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இவ்வளவு நியாயம் பேசுகிறாளே, அந்த ராஜாவை எங்கே வைத்திருக்கிறாள் என்று பார்த்தேன். நட்டநடுக் கட்டம். பாவம், அவருக்கு வெள்ளம் வந்ததே தெரியாதாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எங்கள் மேனேஜர் பத்து மணிக்குக் காரில் வருவார், அவருக்கு மட்டும் கேட் திறக்கும். விதி போட்டவன் நடுவில், பூட்டியவன் அடியிலா? ராஜாவைப் பிய்த்துக் கீழே ஒட்டினேன்.

"ராஜா கீழ வரட்டும் நைனா, தப்பில்ல. அதுக்காவ வாசக்காரன் மேல போவானா?"

என் மகள் படத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள். வாசல்காரனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து நாளாயிற்று. கதவில் இருபத்தாறுதான். திருப்பிக் கேட்கிறாள், தரவில்லை. என் மனைவி தன் தம்பியின் போன் நம்பரைத் தாளில் எழுதி டி.வி. மேல் வைத்திருக்கிறாள். இவர்கள் யார் என்னைக் கட்டத்தில் அடைக்க என்று இன்னும் எரிகிறது.

பத்து எண். நேற்று ஒன்பது வரை அழுத்தினேன்.