கரையம்மாவுக்கு நான் சொன்ன பெயர்

எனக்கு முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்த சிலை இப்போது ஒரு தொழிற்சாலையில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு அடியில் கிடக்கிறது. எந்த இடம் என்று என்னால் காலால் தொட்டுக் காட்ட முடியும். ஆனால் என் ஆய்வேட்டில் அந்தப் படத்துக்குக் கீழே ‘தற்போதைய இருப்பிடம் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். பொய்தான். வேறென்ன எழுதுவது?

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கலை வரலாறு படிக்கிறேன் என்றால், டிராயிங் டீச்சர் ஆகப் போகிறாயா என்று சொந்தக்காரர்கள் கேட்ட காலம். எனக்கு வாய்த்த தலைப்பு தவ்வைச் சிற்பங்கள். தவ்வை என்றால் திருமகளுக்கு அக்கா. பல்லவர் காலத்தில் கோயிலுக்குள் உட்கார்ந்து பூசை வாங்கியவள். பிறகு மூதேவி என்ற வசவாகி வெளியே போனவள். ஏரிக்கரையிலும் வரப்பிலும் அவள் சிலைகள் கிடக்கும், பாதிக்கு மேல் குப்புறத்தான். அவள் முகத்தில் விழித்தால் ஊருக்கு ஆகாது என்று கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். உடையாத, நேராக உட்கார்ந்திருக்கிற ஒரு தவ்வையாவது கிடைத்தால்தான் என் ஆய்வேடு நிற்கும் என்றார் நெறியாளர். அது முடிந்தால் அருங்காட்சியகத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் தேடுவதற்காக இருங்காட்டுக்கோட்டையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கினேன். இருவருக்கும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவர்கள் களைத்துப் போய் வந்து படுக்கும்போது நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். இன்றைக்காவது உங்கள் சாமி சிக்குமா என்று கேலி செய்வார்கள். ஏழு மாதம் சிக்கவில்லை. பாதம் வெடித்ததுதான் மிச்சம்.

எட்டாம் மாதம், பென்னலூர் தாண்டி ஒரு சின்ன ஊரின் ஏரிக்கரையில் அவளைப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு அழகு. கழுத்து வரை சிவப்புப் புடவை சுற்றி, முகமெல்லாம் மஞ்சள் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையலோடு உட்கார்ந்திருந்தாள். பெரிய வயிறு புடவைக்கு மேலேயே தெரிந்தது. ஊர்ப் பெண்களுக்கு அவள் கரையம்மா. அவள் நிறைமாசமாக இருக்கிறாள் என்று நம்பினார்கள். ஊரில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் முதல் வளையல் அவள் கைக்குத்தான்; அப்புறம்தான் கர்ப்பிணிக்கு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவளுக்கு விளக்கேற்றி வந்த ஓர் அக்கா. ஐம்பது வயது இருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த அவர் மருமகள், அப்போது ஏழு மாசம். கரையம்மா கொடுத்தது என்றார். இன்னொன்றும் சொன்னார். ஏரியை ஒட்டிய நிலத்தையெல்லாம் ஒரு கம்பெனி வாங்கிவிட்டதாம். அம்மன் இருக்கும் இடத்தை மட்டும் தொடக்கூடாது என்று பெண்கள் போய் வழியை மறித்து உட்கார்ந்ததில், காம்பவுண்டு சுவரை வளைத்துக் கட்டிக்கொள்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

புடவையை விலக்கிப் படம் எடுக்க வேண்டும் என்று கெஞ்சினேன். பொம்பளைதானே என்று அக்கா சம்மதித்தார். அவரே தண்ணீர் மொண்டு ஊற்றினார். மஞ்சள் கரையத் தவ்வையின் அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வலப்பக்கம் மாட்டுமுகப் பிள்ளை, இடப்பக்கம் பெண், பக்கத்தில் துடைப்பம், தோளுக்கு மேலே காக்கைக் கொடி. எதுவும் உடையவில்லை. ஏழு மாத அலைச்சல், வீட்டில் கேட்ட ஏச்சு, எல்லாம் ஒரே நிமிஷத்தில் தீர்ந்த மாதிரி இருந்தது.

“இன்னாம்மா இது, காக்காவா?” என்றார் அக்கா.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மயில் என்று சொல்லியிருந்தால்கூட அவர் நம்பியிருப்பார். எங்கள் படிப்புக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எதையாவது காட்டி இது என்ன என்று கேட்டுவிட்டால் அடையாளம் சொல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. தவ்வை, ஜேஷ்டா, திருமகளின் மூத்தவள் என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைத்தே தீர வேண்டுமே எனக்கு!

“நம்ம ஊர்ல மூதேவின்னு சொல்றோமில்லக்கா, அவங்கதான் இவங்க” என்றேன்.

அக்கா குடத்தைக் கீழே வைத்தார். அவசரமாக நான் பழைய பெருமையையெல்லாம் எடுத்து விட்டேன், அரசர்கள் கும்பிட்டது, கோயிலுக்குள் இருந்தது என்று. அவர் காதில் எதுவும் ஏறவில்லை. புடவையைத் திரும்பச் சுற்றிவிடாமலேயே வீட்டுக்குப் போய்விட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை.

பத்து நாள் கழித்து அளவெடுக்கப் போனேன். சிலை குப்புறக் கிடந்தது. சுற்றிலும் உடைந்த வளையல். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா கதவைத் திறக்கவில்லை. உள்ளே மருமகள் அழுகிற சத்தம் கேட்டது.

வெளியே நின்ற அக்காவின் கணவர்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த இடத்தை எங்களுக்காக விட்டுவைக்க வேண்டாம், சுவரை நேராகவே கட்டிக்கொள்ளுங்கள் என்று ஊரே கம்பெனிக்குச் சொல்லிவிட்டதாம். இடத்தை மேடாக்க மண் எப்போது கொட்டுவார்கள் என்று கேட்டேன். அடுத்த மாசம் என்றார்.

அதற்கப்புறம் நான் ஓடிய ஓட்டம் நாய் பட்ட பாடு. அருங்காட்சியகத்துக்குப் போனேன். தாசில்தார் எழுதி அனுப்பினால் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். தாலுகா ஆபீசில் வி.ஏ.ஓ. அறிக்கை வேண்டும் என்றார்கள். வி.ஏ.ஓ. நல்ல மனிதர். எங்கள் ஊரில் இப்படியொரு சிலை இருக்கிறது, பூசையில் இல்லை, கொண்டுபோவதில் ஆட்சேபணை இல்லை என்று ஊரார் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே அனுப்புகிறேன் என்றார். வீடு வீடாகப் போனேன். ஒருவரும் போடவில்லை. மூதேவியை எங்கள் ஊர் கணக்கில் எழுதாதே, பேப்பரில் ஏறினால் எவன் பெண் கொடுப்பான் என்றார் ஒரு பெரியவர். நான் விதைத்தது அப்படியே முளைத்து என் முன்னால் நின்றது. யாரைத் திட்டுவது? கம்பெனியிலும் கேட்டேன். வாசல் காவலாளியைத் தாண்ட முடியவில்லை.

ஒரு நாள் காலையில் போனபோது கரை இருந்த இடத்தில் சரளை மண் மேடாகக் கிடந்தது. லாரிகள் கொட்டிக்கொண்டேயிருந்தன. நடுரோட்டில் நின்று அழுதேன். லாரிக்காரர் ஒருவர் ஓரமா நில்லும்மா என்றார். ஓரமாகப் போய் நின்றேன்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். அடையாளம் கண்டது ஐயத்துக்கு இடமில்லாதது என்று பாராட்டினார். கைதட்டினார்கள். அருங்காட்சியக வேலையும் கிடைத்தது. சிலைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவது என் பொறுப்பு.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. என்னை உடனே தெரிந்துகொண்டார். கோபமாகப் பேசுவார் என்று நின்றேன். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருமகள் எப்படி இருக்கிறாள், என்ன குழந்தை என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“பொம்பளப் புள்ள. நல்லா கீது, ஸ்கூலுக்குப் போவப் போவுது” என்றார். கம்பெனி பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“அவ குடுத்த புள்ளதான்ம்மா அது. நீ வந்து சொல்ற வரிக்கும் அவ நல்லவளாதான் இருந்தா.”

பஸ் அவரை ஏற்றிக்கொண்டு வளைந்து, அந்தச் சுவருக்குள் போய், எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தின் மேல் நின்றது.