கோட்டைக்குள் கேட்ட சாவு மேளம்

ஒருவருடைய வேலையை என் வாயால் கெடுத்தேன். இரண்டு வருடங்களுக்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இலங்கையின் தென்கரையிலுள்ள காலிக் கோட்டைக்குச் சுற்றுலா போயிருந்த மாலையில் நடந்தது அது.

பொழுது சாய்ந்ததும் கோட்டையின் பழைய தெருக்கள் வேறு ஊராகிவிடுகின்றன. ஒல்லாந்தர் காலத்து வீடுகள் பாதி இப்போது ஹோட்டல்கள். வாசலுக்கு வாசல் விளக்கு, பாட்டு, வெள்ளைக்காரக் கூட்டம். ஒரு முற்றத்திலிருந்து தப்புச் சத்தம் வந்தது. எங்கள் ரப்பர் தோட்டங்களில் கோயிலுக்கும் சாவுக்கும் அடிக்கிற அதே தோல் வாத்தியம். ஆவலோடு உள்ளே போனேன்.

அடித்துக்கொண்டிருந்தது சாவு அடி. பாடை தூக்கும்போது அடிப்பது. அதற்குத்தான் கையில் கிளாஸோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். அடித்தவர் நிவித்திகலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்காரர். என் அம்மாவின் சாவுக்கு அடித்தவர்.

"எங்க சாவ இங்க கொண்டாந்து விக்கிறியா?" என்று கத்தினேன். முதலாளி ஓடிவந்தார். அவருக்கும் விளங்கட்டுமென்று, இது பிணத்துக்கு அடிக்கிற மேளம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. அபசகுனம் என்று சொல்லி, அங்கேயே தப்படித்தவரை வேலையை விட்டு நிறுத்தினார்.

தெருவில் தப்பைத் துணியில் சுற்றியபடி அவர் சொன்னார்: "வேகமா அடின்னாங்க சேர், அடிச்சேன். ஒங்க அம்மா சாவுக்கு மழையில வாசல்லயே நிக்க வச்சீங்க. டீத்தண்ணியும் வெளியதான் வந்துச்சு. இங்க நடு வீட்டுல, வெளக்குக்குக் கீழ நிக்க வச்சாங்க."

எங்கள் துக்கம் அவர்களுக்கு ஆட்டப் பாட்டா என்ற கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுத்தே பிழைத்த நான், அந்த மனிதரை ஒருநாளும் வீட்டுக்குள் அழைத்ததில்லையே! அந்தக் கோபத்தை யார்மேல் கொட்டுவது?

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய்க் கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டார். தப்படித்தவர் தோட்டத்துக்கே திரும்பிவந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். அவர் குடியிருந்த லய வீட்டுக்குத் தேடிப் போனேன். "உள்ள வாங்க சேர்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்டேன். ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்றேன்.

சிரித்தார். "ஒங்க சாவுக்கு வருவேன் சேர். அன்னிக்கு என்னைய உள்ள விடுவாங்களான்னு மகன்கிட்ட இப்பவே கேட்டு வைங்க."

கேட்டேன். மகன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டான். கோட்டையில் அத்தனை பேர் நடுவே கத்தத் தெரிந்த எனக்கு, என் வீட்டு வாசலில் குரலெழுப்ப இந்த வயது ஆகியிருக்கிறது. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.