எனக்கும் மஞ்சள் கட்டடத்துக்கும் நடந்த சண்டை

அந்தக் கட்டடத்தை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. மஞ்சள் சுவர். சுவரில் ஒரு யானை. பொகவந்தலாவையிலிருந்து வந்த பெயிண்டர் வரைந்தது. தும்பிக்கையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால் சுத்தமான பன்றி. வாசலில் ஊஞ்சலும் சறுக்குமரமும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை இனி அங்கே இலவசமாகப் பார்த்துக்கொள்வார்களாம், பாட்டுப் படிப்பிப்பார்களாம், பாலும் சத்துமா உருண்டையும் கொடுப்பார்களாம். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அதுவரைக்கும் அவர்கள் எல்லாரும் என்னிடம் வளர்ந்த பிள்ளைகள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற தோட்டத்தின் பழைய பிள்ளைக்காம்பராவின் கூரை இறங்கிவிட்டது. திருத்துவோம் திருத்துவோம் என்று சொன்னார்களே தவிர, ஒரு தகரம்கூட வரவில்லை. அதே காலத்தில்தான் நான் மலையில் வழுக்கி விழுந்து, டிக்கோயா ஆஸ்பத்திரியில் காலைக் கட்டிக்கொண்டு கிடந்து, இனிக் கொழுந்துக் கூடை தூக்க ஆகாது என்று வீட்டோடு இருந்தேன். பக்கத்துக் காம்பராக்காரி தன் மூத்ததைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். அடுத்த வாரம் நாலு பிள்ளைகள். பிறகு ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயமே என் வீட்டில்தான் கிடந்தது. காசு தர முடிந்தவர்கள் காசு தந்தார்கள், மற்றவர்கள் விறகும் கீரையும் தந்தார்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி அத்தனை வருடமாக ஊர் 'பாவம்' என்று சொல்லிக் கடந்துபோன காம்பராவில் அப்போது கால் வைக்க இடமில்லை. மூக்கு ஒழுகும், சட்டி உருளும், ஒருத்தன் அழுதால் எல்லாரும் அழுவார்கள். கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிப்போனது. ஆனாலும் அந்த வருடங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அதனால்தான் மஞ்சள் கட்டடம் திறந்தபோது தாய்மார்கள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. சும்மா பாத்துக்கிறாங்க, உடுப்பு வேற தர்றாங்க. இவுங்க அப்பா கேக்குறாரு, நான் என்னா சொல்றது?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"போகட்டும் போகட்டும். அந்தப் பன்னியப் பாத்துப் பயப்படாம இருந்தாச் சரி."

"அது யானைங்கக்கா."

"யாரு சொன்னா?"

ஆனால் கட்டடத்துக்கு ஒரு பலவீனம் இருந்தது. அங்கே வந்த டீச்சர் சின்னப் பெண், டிக்கோயாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பஸ் எட்டு மணிக்குத்தான் வரும். தாய்மாரோ ஆறரைக்கெல்லாம் பெரட்டுக் களத்தில் நின்று அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்தாக வேண்டும். எனவே விடிகிற நேரத்தில் பிள்ளைகள் பழையபடி என் வாசலுக்கே வந்தார்கள். எட்டு மணிக்கு அங்கே கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு.

கிடைத்த நேரத்தை நான் விடுவேனா? ரொட்டியும் சம்பலும் திணித்துத் திணித்து ஊட்டினேன். அங்கே போய்ச் சத்துமா உருண்டையை ஒரு பிள்ளையும் தொடவில்லை. அது போதாதென்று தினமும் ஒரு சிறுத்தைக் கதை. சிறுத்தை மலையிலிருந்து இறங்கி, லயத்துக்குள் நுழைந்து, ஒரு காம்பராக் கதவைத் தட்டும். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "மிச்சம் நாளைக்கு, கெளம்புங்க" என்பேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த டீச்சர், காலில் போட்ட சப்பாத்தெல்லாம் சேறாக லயத்துக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, அந்தச் சிறுத்த என்னாதான் செஞ்சிச்சு? என்னையப் படிப்பிக்க விடமாட்டேங்கிதுங்க. நாள் பூரா அதையேதான் கேக்குதுங்க."

"காலையில வந்து கேட்டுக்கங்க டீச்சர்."

"நான் வர்றதே எட்டு மணி பஸ்லதானே!"

"அப்ப ஒங்களுக்குக் குடுத்து வைக்கல."

அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. எதிரி என்றால் எதிரி மாதிரி இருக்க வேண்டாமா?

இந்தச் சண்டையை முடித்துவைத்தது கண்டாக்கு ஐயா. மலையில் வேலையை மேற்பார்க்கிறவர், பெரட்டில் அவர் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. கொழும்பிலிருந்து கட்டடத்தைப் பார்க்க ஆட்கள் வரப்போகிறார்கள், அந்த நேரத்தில் பிள்ளைகள் இரண்டு இடத்தில் திரிவது அவருக்கு அசிங்கமாகப் பட்டது. இனிப் பிள்ளையைத் தாய் பெரட்டுக்கே தூக்கி வர வேண்டும், மலைக்குப் போகிற வழியில் கட்டடத்து வாசலில் காவல்காரரிடம் விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். என் வீட்டில் விட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். யார் என்ன செய்வார்கள்?

மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு பெரிய சட்டி மாவு பிசைந்துவிட்டிருந்தேன். ரொட்டியைச் சுட்டு அடுக்கிவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். சத்தமாகவே அழுதேன், கேட்பதற்குத்தான் லயத்தில் யாரும் இல்லையே.

கொழும்பு ஆட்கள் வந்த அன்று வீட்டில் இருக்க முடியவில்லை. காலை இழுத்துக்கொண்டு போய்க் கட்டடத்து வேலிக்கு வெளியே நின்றேன். பிள்ளைகள் புது உடுப்பில் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டை முணுமுணுத்தார்கள். தோட்டத்து மேனேஜர் பெரிய துரை கடிகாரத்தைப் பார்த்தார். வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒரு அம்மா, "பாட்டுப் போதும். நீங்க என்ன விளையாட்டு விளையாடுவீங்க, அதக் காட்டுங்க" என்றார்.

எனக்குத் திக்கென்றது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே விளையாட்டுத்தான் உயிர். மழை நாட்களில் என் காம்பராவுக்குள் விளையாடிப் பழகியது. பெரட்டு விளையாட்டு.

பக்கத்துக் காம்பராக்காரியின் இளைய மகள், நாலு வயது, முன்னுக்கு வந்தாள். பந்தை உடுப்புக்குள் விட்டு வயிறு வைத்துக்கொண்டாள். டீச்சரின் பிரம்பை எடுத்தாள். இல்லாத கால்சட்டையை மேலே இழுத்துவிட்டு, இரண்டு தரம் செருமினாள். அசல் கண்டாக்கு ஐயா. மற்றதுகள் கொழுந்துக் கூடை மாதிரித் தலையில் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றன.

"மணி என்னா? சூரியன் மண்டைக்கு வந்தாத்தான் ஒனக்கு விடியுமா? போ, அரைப்பேரு!"

"இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற புல்லா? அரைப்பேரு!"

துரை கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். கண்டாக்கு ஐயா வானத்தைப் பார்த்தார். அவளோ நிறுத்தவில்லை. அந்த வாரம் தாயின் இடுப்பிலிருந்து கேட்டதையும் சேர்த்துவிட்டாள்.

"அந்த நொண்டி வீட்டுல எவளாச்சும் பிள்ளைய விட்டீங்க, எல்லாருக்கும் அரைப்பேரு!"

சிரிப்பு நின்றது. "யாரு வீடும்மா அது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அத்த வீடு! அந்தா, அத்த நிக்கிறாங்க!" அத்தனை கைகளும் வேலியைக் காட்டின. எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது, என் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? துரை உள்ளே கூப்பிட்டார்.

"நீதானே இது சொல்லிக் குடுத்தது?" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

பயம்தான். ஆனாலும் என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது? "வெளையாட்டுத்தான் என்னோடதுங்க தொரை. பேச்செல்லாம் தெனமும் பெரட்டுல கேக்குறதுதாங்க."

முதலில் சிரித்தது கொழும்பு அம்மா. பிறகு துரை. கடைசியில் கண்டாக்கு ஐயாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் டீச்சர் பேசினாள்.

"சேர், நான் எட்டு மணிக்குத்தான் வர்றேன். அதுவரைக்கும் பிள்ளைங்க வாசல்ல பனியில நிக்கிதுங்க. முந்தி அக்காதான் வச்சிப் பாத்துக்கிட்டாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் அவளே லயத்துக்கு வந்து சொன்னாள். துரை சம்மதித்துவிட்டாராம், காலையில் கட்டடத்தைத் திறந்து, சாயங்காலம் தாய்மார் வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எனக்கு வேலை, சம்பளமும் உண்டு. எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் ரோஷம் வந்தது. "என் பிள்ளைகளப் புடிச்சிக்கிட்டுப் போயி, இப்ப என்னைய அங்க வேலைக்குக் கூப்பிடுறீங்களா? நான் வரமாட்டேன்" என்றேன்.

அவள் போன பிறகு, மூலையில் பீடி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "பிள்ளைங்க அங்க இருக்கு. நீ இங்க குந்திக்கிட்டு யாரோட சண்ட போடப்போற?"



மறுநாள் விடியுமுன்னே போய்க் கதவைத் திறந்து, பாயை விரித்துப் போட்டேன். முதலில் வந்தது அந்தக் குட்டிக் கண்டாக்குத்தான். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத்த, ஒங்களையும் இங்க கொண்டாந்து விட்டுட்டாங்களா?"

"ஆமாண்டி, விட்டுட்டாங்க."

அவள் முகம் பாவமாகப் போனது. கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாதீங்க. மொதல்ல அப்பிடித்தான் இருக்கும். அந்தியில ஒங்க அம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க."

"எல்லாரு அம்மாவும் வந்து போனப்பறந்தான் நான் போவேன்."

"எங்க அம்மா லேட்டானாலும் இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.