பட்டர்வொர்த்தில் இறங்காத வண்டி

பாலம் இன்னும் கட்டி முடியாத காலம் அது. தீவிலிருந்து அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டுமென்றால் வண்டியோடு ஃபெர்ரியில்தான் ஏற வேண்டும். என் மகளுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவளே எழுதிப் போட்டு, அவளே பதில் வாங்கிய முதல் வேலை.

"பஸ்ஸுல போய்க்கிறேன்பா. ஃபெர்ரியில நடந்து ஏறுனா, அந்தப் பக்கம் எறங்குனதும் பஸ்ஸு" என்றாள்.

நான் சம்மதிக்கவில்லை. பஸ் வராமல் போனால்? வந்து, தவறான இடத்தில் இறங்கிவிட்டால்? பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு எப்போதும் இப்படித்தான். நடக்கக்கூடிய கெட்டதையெல்லாம் மனத்துக்குள் ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுவேன். பிக்கப்பில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"அந்தக் கப்பல ஏத்துனா ஃபெர்ரியில மத்தவங்களுக்கு எடம் இருக்குமா?" என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து.

பிக்கப் அமெரிக்காவில் செய்த பழைய வண்டி. ஊர் திரும்பிய ஓர் ஆஸ்திரேலியரிடம் வாங்கினேன். என் இடது முழங்காலால் கிளட்சை மிதிக்க முடியாது. இது ஆட்டோ கியர் வண்டி, கிளட்சே இல்லை. 'டி' என்ற எழுத்துக்குக் கைப்பிடியைத் தள்ளினால் போதும், மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும். துறைமுக அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் அதை வேடிக்கை பார்க்க வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சில வாரங்களாக அது கிளம்பும்போது தயங்கியது. 'டி'யில் போட்டு எண்ணெய்ப் பெடலை மிதித்தால் இஞ்சின் மட்டும் கத்தும். பிறகு திடுக்கென்று ஓர் இடி இடித்து வண்டி பாயும். ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு குறையும் இல்லை. கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். அளவு சரி, நிறம் சிவப்பு, கருகல் வாடை இல்லை. அதனால் நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். வண்டி சூடாகவில்லை, அவ்வளவுதான். காலையில் சற்று நேரம் இஞ்சினை ஓட விட்டேன், தயக்கம் குறைந்த மாதிரித் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

அன்று ஃபெர்ரியில் எங்களுக்கு வரிசையின் முதல் இடம் கிடைத்தது. கடக்கும்போது இஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. அக்கரை வந்து, முன்னால் சங்கிலியை அவிழ்த்து, பலகைப் பாலத்தை இறக்கினார்கள். நீர் வற்றிய நேரம். அது கரையை நோக்கிச் செங்குத்தான ஏற்றமாகக் கிடந்தது. 'டி'யில் போட்டேன். இஞ்சின் கத்தியது. வண்டி அசையவில்லை.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பக்கத்து வரிசைகள் நகர்ந்து காலியாகின. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒடித்து ஒடித்து வெளியே வந்து, போகிற போக்கில் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நான் எறங்கி நடந்து போயிடறேன்பா. பஸ்ஸு அங்கதான் நிக்குது, பாருங்க" என்றாள் மகள். பஸ் எனக்கும் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் இரும்மா. இஞ்சின் ஆறிப்போச்சு. சூடானா புடிச்சிக்கும்."

அவள் கதவுப்பிடியில் கை வைத்தபடி இருந்தாள். நான் மிதித்தேன். விட்டுவிட்டு மறுபடி மிதித்தேன். ஃபெர்ரி ஊழியர் ஒருவர் வந்தார், நம்மவர்தான்.

"என்ன அண்ணே, எறங்க மனசு இல்லையா லா?"

"கியர் புடிக்கல தம்பி."

நான்கைந்து பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். அந்த ஏற்றத்தில் பிக்கப் ஒரு முழம் ஏறி, ஒரு முழம் திரும்பி வந்தது. ஊழியர் பின்பக்கக் கியரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். 'ஆர்' உடனே பிடித்தது, வண்டி பின்னோக்கித் தளத்தின் மறுகோடிவரை போனது. அப்படியானால் வழி இருக்கிறது என்றார். ஃபெர்ரிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது, திரும்பாமலே தீவுக்குப் போகும். நாங்களும் அப்படியே போய், அங்கே பின்னாலேயே இறங்கிவிடலாம்.

"அப்ப நான் எறங்கறேன்பா" என்றாள்.

"இரும்மா, இப்பப் புடிச்சிடும். கடைசியா ஒரு தடவ."

அந்தக் கடைசித் தடவையை நான் எத்தனை தடவை செய்தேனோ தெரியாது. இஞ்சின் சத்தத்தில் வேறு எதுவும் என் காதில் விழவில்லை. நிமிர்ந்தபோது, தீவுக்குப் போகும் வண்டிகள் ஏறி எங்களைச் சுற்றி நின்றிருந்தன. பலகைப் பாலம் எழுந்துவிட்டிருந்தது. ஃபெர்ரி நகர்ந்தது. என் மகள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லா வண்டிகளும் தீவைப் பார்த்து நிற்க, எங்கள் வண்டி மட்டும் பட்டர்வொர்த்தைப் பார்த்து நின்றது. எங்களுக்கு நேரெதிரே, மூக்கோடு மூக்காக, ஒரு மீன் லோரி. அதன் ஓட்டுநர் கறிப்பாப் தின்றுகொண்டே எங்கள் இருவரையும் பார்த்தார். தலையை வெளியே நீட்டி, "அங்கிள், சாலா ஜாலான் கா?" என்று மலாயில் கேட்டார். வழி தப்பிவிட்டதா என்கிறார். நான் சிரித்துவைத்தேன். மகள் சிரிக்கவில்லை. சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்து, அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். புதிதாகத் தைத்த பாவாடை வேர்வையில் கசங்கியிருந்தது. அந்தப் பயணம் முழுக்க எனக்குப் பார்க்க வேறு இடமில்லை. ஒன்று அந்த லோரிக்காரர், இல்லையென்றால் அவள்.

தீவில் பின்னாலேயே இறங்கினேன். ஊழியர் கை காட்டிக்கொண்டு வந்தார். காத்திருந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வேலியோரமாக நிறுத்திய பிறகு, வெறுப்பில், கைப்பிடியைக் கடைசிவரை கீழே இழுத்தேன். அங்கே 'எல்' என்று ஓர் எழுத்து இருந்தது. மலை இறங்குவதற்கானது, இந்த ஊரில் தேவைப்படாது என்று விற்றவர் சொல்லியிருந்ததால் அதைத் தொட்டதே இல்லை. வண்டி முனகாமல், இடிக்காமல், முன்னால் நகர்ந்தது.

பிரேக்கை மிதித்தேன்.

"இது அங்கயே போயிருக்குமாப்பா?" என்றாள் மகள்.

"போயிருக்கும்."

அவள் சான்றிதழ்க் கோப்பை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம்பா. நீங்க வந்தா இன்னும் லேட்டாவும்."

அதில் கோபம் இல்லை. நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆள்கள் ஏறும் வழியில் வேகமாக நடந்து கூட்டத்துக்குள் போய்விட்டாள். நான் 'எல்'லிலேயே வீடு வந்தேன். இஞ்சின் அலறியது. ஆமை வேகம்தான். நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பிறகு பழுதை முறையாகத் தேடினேன், தேடி என்ன பயன் என்று தெரிந்தும். ஓடும்போது சரியாக இருந்து, கிளம்பும்போது மட்டும் நழுவுகிறது, பின்னால் போகிறது, 'எல்'லில் போகிறது. கியர் பெட்டிக்குள் ஒரு பக்கம் மட்டும் சுற்றவிட்டு மறுபக்கம் பிடித்துக்கொள்ளும் சிறு உருளைகள் உண்டாம். 'டி'யில் கிளம்பும்போது அவைதான் தாங்க வேண்டும். அவை தேய்ந்திருந்தன. 'எல்'லிலும் 'ஆர்'ரிலும் அந்த வேலையை வேறொரு பிடி செய்கிறது. எண்ணெய்க்கும் சூட்டுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. கைப்பிடியை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பார்த்திருந்தால் வீட்டு வாசலிலேயே பாதி தெரிந்திருக்கும். நான்தான் முன்பே கண்டுபிடித்துவிட்டேனே.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"உள்ள விட்டாங்களா?"

"முடிஞ்சிடுச்சாம். வேணும்னா கூப்பிடுவாங்களாம்."

"ஏன் லேட்டுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னம்மா சொன்ன?"

"அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். நடந்தத சொன்னா சிரிப்பாங்கப்பா."

அவள் உள்ளே போனாள். பாவாடையை அலசும் சத்தம் கேட்டது. நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கதவுப்பிடியில் கை வைத்து அவள் கேட்டுக்கொண்டிருந்ததுதான் திரும்பத் திரும்ப மனத்தில் வந்தது. நான் பிடித்து வைக்கவில்லை, பூட்டவில்லை, ஒரு நிமிஷம் என்றுதான் சொன்னேன். அவள் என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் பிள்ளைகளில் யாரிடமாவது "இரு" என்று சொல்ல வாயெடுத்தால் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

அவர்கள் கூப்பிடவில்லை. சில மாதம் கழித்து அவளுக்கு வேறோர் இடத்தில் நேர்முகத் தேர்வு வந்தது. அதை அவள் போய்வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள்.